மூன்று மணிக்கு எழும்பாத ஷவல்

ஜூலை 3, வியாழன்

விடியும்போதே புழுக்கம். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். கடைவாய்ப் பல் இன்னும் வலி.

ஏர்போர்ட்டில் விமானங்கள் தண்ணீருக்குள் நின்றதே, அதற்கு அடுத்த வருஷம் இது. அந்த மழையில் எங்கள் ஷார்ஜா யார்டில் நாலாம் நம்பர் ஷவல் வயிறு வரை முங்கிக் கிடந்தது. முன்னால் வாளி வைத்து மண் அள்ளுகிற வண்டி. தண்ணீர் வடிந்ததும் வெளியே கழுவிப் பெயின்ட் அடித்தார்கள். உள்ளே திறந்து பார்க்க யாருக்கும் மனசில்லை.

இப்போது அதற்கு ஒரு வியாதி. காலையில் சாவி போட்டதும் எழும்பும். பன்னிரண்டரைக்கு வெயில் பிரேக், அணைக்கிறார்கள். மூன்று மணிக்கு எழும்பாது. வொர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தால் மறுநாள் காலையில் நல்ல பிள்ளை.

ஆபரேட்டர் யோகராசா, யாழ்ப்பாணத்துக்காரன். “அண்ணை, திறப்பைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. செத்த மாடு மாதிரிக் கிடக்குது. நான் என்ன செய்யிறது?”

ஃபோர்மன் முருகேசன் சிரித்தான். “அவன் நடிக்கிறான் மச்சான். மூணு மணி வெயில்ல ஐயாவுக்கு உடம்பு வலிக்குது.”

முருகேசன் என் மனைவியின் தம்பி. என்னை இந்தக் கம்பெனியில் சேர்த்தவன். அதை அவனும் மறந்ததில்லை, என்னையும் மறக்க விட்டதில்லை.

மூன்று மணிக்கு நானே சைட்டுக்குப் போனேன். பேட்டரி சரி. எர்த் கேபிள் இறுக்கம். சாவியைத் திருப்பச் சொன்னேன். ஸ்டார்ட்டரில் ‘டக்’ என்ற சத்தம் கூட இல்லை. கியர் நியூட்ரலில்தான் இருக்கிறதா என்று ரெண்டு தடவை பார்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரை ஸ்டார்ட்டரின் ரெண்டு முனைக்கும் குறுக்கே வைத்தேன். சுற்றியது, சிங்கம் மாதிரி. ஸ்டார்ட்டருக்கு நோவு இல்லை. அதற்கு உத்தரவே வந்து சேரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

லீவு. துணி துவைத்தேன். மீன் வாங்கப் போய், விலையைக் கேட்டுவிட்டு முட்டையோடு வந்தேன். ரூம் ஏசி சொட்டுகிறது. கீழே வாளி வைத்தாயிற்று.

ஊரிலிருந்து மனைவி பஞ்சவர்ணம் போன் பண்ணினாள். தம்பி நல்லா இருக்கானா என்றாள். பல் வலி எப்படி என்று கேட்கவில்லை.

படுத்தால் காளிமுத்து நினைப்பு. முன்பு வேலை பார்த்த யான்பு ஊரில் நாங்கள் ஒரே ரூம். குவைத்தில் எண்ணெய்க் கிணறுகள் எரிந்த வருஷம். பள்ளிக்கூடம் பார்க்காத எனக்கு சிமெண்ட் பையின் பின்பக்கத்தில் அ, ஆ போட்டுக் கொடுத்தவன். இப்போது இதை எழுதுவது அந்த எழுத்தால்தான்.

அங்கேயும் ஒரு ஷவல். அதுவும் இதே மாதிரி சாவிக்கு எழும்பவில்லை. கியரில் கிடந்தால் ஸ்டார்ட் ஆக விடாமல் தடுக்கிற சுவிட்ச் ஒன்று லீவரில் இருக்கிறது. அது செத்துப்போயிருந்தது. அதைத் தூக்கிவிட்டு ரெண்டு வயரையும் நேராகச் சேர்த்தான் ஒருத்தன். மறுநாள் கியரில் கிடந்தது தெரியாமல் ஆபரேட்டர் சாவியைத் திருப்பினான். வண்டி பாய்ந்தது. டயருக்கு முன்னால் குனிந்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான் காளிமுத்து.

வயரைச் சேர்த்தது முருகேசன். அப்போது மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை அவனுக்கு. காளிமுத்து கிடந்த இடத்தில் நின்றுகொண்டே, “ஆபரேட்டர் தப்பு” என்றான். கம்பெனியும் அதையே எழுதியது. என்னை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

ஸ்டார்ட்டரைக் கழற்று என்று முருகேசன் உத்தரவு. வேண்டாம் என்றேன். கழற்ற வைத்தான். மேஜையில் வைத்துக் கரண்ட் கொடுத்தேன், புதுசு மாதிரிச் சுற்றியது. திரும்ப மாட்டினேன். அரை நாள் போச்சு. இடுப்பும் போச்சு.

மத்தியானம் வண்டி சூடாக இருக்கும்போதே ஸ்டார்ட்டரின் சின்ன வயரில் டெஸ்ட் லாம்ப் வைத்தேன். சாவி போட்டால் எரியவில்லை. யோகராசா கியர் லீவரை ஆட்டினான். மினுக்கியது. லீவரின் மூடியைத் திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பு. அந்த மழைத் தண்ணீரின் வேலை. சூட்டில் பித்தளை விலகுகிறது, ஆறினால் ஒட்டுகிறது. அதுதான் காலையில் நல்ல பிள்ளை.

“சுவிட்ச் வரவழைக்கணும் மாப்ள.”

“மாஃபி. ஸ்டோர்ல இல்ல, வர ஒரு வாரம் ஆகும். நாளைக்கு வண்டி சைட்ல நிக்கணும். வயரைச் சேத்து விடுங்க.”

“நான் சேக்க மாட்டேன்.”

“ஏன், கை நடுங்குதா?”

“யான்புல சேத்த கை நடுங்கலையே, அதனால கேக்குற.”

பக்கத்தில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் சத்தம் போடவில்லை. “செப்டம்பர்ல உங்க விசா முடியுது மச்சான். வயசு வேற ஆச்சு. பாத்துப் பேசுங்க” என்றான்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

ஜூலை 7, திங்கள்

தூசிக்காற்று. கண் எரிச்சல்.

சேர்த்துவிட்டான். நேற்று, நான் வேறு சைட்டில் இருந்தபோது, தன் கையாலேயே. கறுப்பு டேப், அவன் சுற்றுகிற சுற்று எனக்குத் தெரியும்.

யோகராசாவுக்குச் சந்தோஷம். “இப்ப நல்லாக் கிடக்கு அண்ணை. பிடிச்ச உடனே எழும்புது.”

“எந்த கியர்ல இருந்தாலும் எழும்பும். அதான் வில்லங்கம். ஏறும்போது முழங்கால் லீவர்ல படும். பாத்துட்டுச் சாவியத் திருப்பு.”

“ஃபோர்மன் சரியெண்டு சொன்னவர்.”

லீவரில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டேன், கண்ணில் படட்டும் என்று. சாயங்காலம் முருகேசன் அதை அவிழ்த்துக் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்று மணி. பிரேக் முடிந்து ஆட்கள் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தார்கள். யோகராசா ஏறினான், சாவி போட்டான். ஷவல் பாய்ந்து நிழல்வலைக்குள் போனது. கம்பிக்கால்கள் மடிந்தன, தண்ணீர் டிரம் நசுங்கியது. ஆட்கள் படுத்திருந்த இடம் முழுக்க டயர் தடம். ஒரு பெங்காலியின் செருப்பு தரையோடு தரையாக. அவன் வெறுங்காலோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். யாருக்கும் அடி இல்லை.

யோகராசா இறங்கவே இல்லை. கை ஸ்டீயரிங்கோடு ஒட்டிப்போயிருந்தது. நான்தான் விரல்களை விலக்கினேன்.

முருகேசன் வந்தான். பார்த்தான். வாயைத் திறந்தான்.

“ஆபரேட்டர் தப்பு.”

அதே குரல். இப்போது மீசை நரைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் யோகராசாவை ஊருக்கு அனுப்பப் பேச்சு. கலாஸ், வேலை முடிந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

ஜூலை 9, புதன்

பல்லைப் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சு.

சேஃப்டி ஆபீசர் மலையாளிப் பெண். லீவர் மூடியைத் திறக்கச் சொன்னாள். கறுப்பு டேப்பைப் பார்த்தாள். “சேட்டா, இது யார் ஜாயின்ட் செய்தது? பயப்படாம சொல்லு.”

முருகேசன் எனக்கு நேர் எதிரே நின்றான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னை ஒருத்தர் கேட்கிறார்.

பஞ்சைத் துப்பிவிட்டுச் சொன்னேன். “முருகேசன்.”

யோகராசாவின் டிக்கெட்டை நிறுத்தியிருக்கிறார்கள். முருகேசனை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். என் விசா இனி எந்தக் கையில், தெரியாது.

அரைமணி கழித்து பஞ்சவர்ணம்.

“ஏங்க, என் தம்பியையா காட்டிக் குடுத்தீங்க?”

“யான்புலயும் அவன்தான்டி.”

“அதான் அடிக்கடி சொல்றீங்களே, யான்பு, யான்புன்னு. உங்களத் தவிர யாரு பாத்தா? இருந்தா ஒரு ஆளச் சொல்லுங்க, நான் நம்புறேன்.”

போனை வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு அந்த இடத்தில் நின்று பார்த்தவர்கள் என்னோடு நாலு பேர். ஆபரேட்டர் குல்கான். அவனை ஊருக்கு அனுப்பினார்கள், பெஷாவர் பக்கம் செத்ததாகச் சேதி வந்தது. சூப்பர்வைசர் மத்தாய், கொரோனாவில், குவைத் மங்காஃபில். என்னைத் தவிர உயிரோடு இருப்பது ஒருத்தன்.

முருகேசன்.