தலை திருப்பி அடுக்கிய வஞ்சிரம்

என் இடதுகைக்காரருக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். அப்படித்தானே தொடங்க வேண்டும்? எனக்கு மட்டும் நலமில்லை; உங்கள்மேல் அத்தனை கோபம்.

இதை லாரி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். காலிப் பெட்டிகளோடு லாரி உங்கள் துறைமுகத்துக்கு வரும். படித்ததும் கிழித்துக் கடலில் போடுங்கள்.

நேற்று லாரியில் வந்த வஞ்சிரத்தைப் பார்த்து ஏலக்கூடமே வாயைப் பிளந்தது. ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம், வயிறு முட்டச் சினை. கடல்தண்ணீர் சூடானதிலிருந்து நம் பக்கம் முழங்கை நீளத்துக்கு மேல் கிடைப்பதில்லையே! பெரியதெல்லாம் கடல் எல்லைக்கோட்டைத் தாண்டிக் குடிபோய்விட்டது. எந்த மகராசன் கோட்டைத் தாண்டினானோ என்று சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டியைத் திறந்தேன். எல்லோரும் மீன்தலையை இடப்பக்கம் வைத்து அடுக்குவார்கள். இதில் அத்தனை தலையும் வலப்பக்கம். செவுளுக்கடியில் ஒரு கை ஐஸ். அது உங்கள் கை.

அதற்குள் கோடு தாண்டியவர்களைத் தேடி மீன்துறை ஆய்வாளர் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். இடதுகையால் அடுக்குபவர் யாரென்று இந்தக் கூடத்தில் யாருக்குத்தான் தெரியாது? கை வழுக்கியதுபோல் பெட்டியைத் தரையில் கவிழ்த்து அடுக்கைக் கலைத்தேன். “கண்ண எங்கம்மா வச்சிருக்கே?” என்று திட்டிவிட்டுப் போனார். அடுத்த லாரியை அவரே வாசலில் நின்று பிரிக்கப்போகிறாராம்.

வஞ்சிரம் வந்தால்தான் இங்கே ஐஸ் கம்பெனி ஓடும், லாரி ஓடும், எனக்கும் மீன் வெட்டும் வேலை. தெரியாதவளா நான்? ஆனால் எதிர்வீட்டு அண்ணனைக் கோட்டுக்கு அப்பால் அந்த நாட்டுக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தகவல் இல்லை. அந்த வீட்டு அக்கா அவருடைய துவைத்த சட்டையையே திரும்பத் திரும்பத் துவைக்கிறாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

“தைரியமா போங்க, நான் பாத்துக்கறேன்” என்று உங்கள் படகு முதலாளி சொன்னதாகக் கேள்வி. எங்கிருந்து பார்ப்பாராம், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தா? அவர் சட்டையில் உப்புத்தண்ணீர்கூடப் படாது. போய் மாட்டுவது நீங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன், கேலி செய்யாதீர்கள். வருமானம் குறைந்தால் குறையட்டும், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். கடல் உங்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே வைத்திருக்கட்டும்.

பதில் எழுத நீங்கள் சோம்பேறி, எழுத வேண்டாம். அடுத்த லாரியில் ஒரு பெட்டி அனுப்புங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கத்துப் பொடிமீனாகவே இருக்கட்டும். தலை மட்டும் வலப்பக்கம் இருக்க வேண்டும். அந்த ஆய்வாளருக்குப் பக்கத்தில் நின்று நானே மூடியைத் திறப்பேன்.

அதுவரை தூங்காத,
உங்கள் கோபக்காரி