துக்க வீட்டின் முறைத் தண்ணீர்

என் அன்பான அக்கா,

கண்மாயில் இந்த வருஷம் நல்ல தண்ணீர். வயல்களுக்கு முறை ஓடிக்கொண்டிருக்கிறது. "நாளைக்கு நம்ம முறை. மம்பட்டிய எடுத்து வையி" என்று உன் குறுஞ்செய்தி செல்லுக்குத் தவறாமல் வருகிறது. எல்லா வீட்டுக்கும் அதேதான் போகிறது, தெரியும். ஆனாலும் எனக்கு மட்டும் நீ சொல்வதாகத்தான் படிக்கிறேன்.

தல்லாகுளத்தில் வேலை முடித்து, பஸ்ஸில் இடிபட்டு, சமயநல்லூரில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாய். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று சொல்லும் மென்பொருளை அப்படித்தான் எழுதினாய். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று பூட்டுப் போடாமல் இணையத்திலும் வைத்தாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"இம்புட்டு உழைச்சதச் சும்மா தூக்கிக் குடுக்குறியே."

"கண்மாய வெட்டுனவுக நம்மகிட்ட என்னடா கேட்டாக? சும்மாதான விட்டுட்டுப் போனாக."

கடைசியில் நீ சேர்த்த பொத்தானைப் பார்த்து நான் சிரித்தேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், மடை திறக்கும் கருப்பையா அண்ணன் அதை அழுத்த வேண்டும். அந்த வீட்டு முறை வரும்போது பக்கத்து வயல்காரருக்குச் செய்தி போகும்: "துக்க வீடு. அவுக வயலுக்கு நீங்க தண்ணி விடுங்க."

"சாவுக்கெல்லாமா பட்டன் வைப்பாக?" என்று கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை.

"எழவு வீட்டுக்காரன் தண்ணி கேட்டு வரமாட்டான்டா. நாமதான் நெனச்சுப் பாக்கணும்."

அதை முதன்முதலில் உனக்காகவே அழுத்துவார்கள் என்று யார் கண்டது?

மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய். பயிர் கதிர் வாங்குகிற நேரம். முறை தவறினால் அடுத்தது பத்து நாள் கழித்துத்தான். அதற்குள் பால் பிடிக்காமல் எல்லாம் பதராகிவிடும். நம் முறை வந்த நாளில் எனக்கு வயல் நினைப்பே இல்லை. உனக்குப் பால் தெளித்த மறுநாள், நிலம் வெடித்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது.

நம் பக்கத்து வயல்காரர் பாண்டி அண்ணன்தானே. வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சே இல்லை. உன் மென்பொருளுக்கு அது தெரியாது. இல்லை, நீ தெரிந்தேதான் அப்படி எழுதினாயா?

அவர் மண்வெட்டியோடு வரப்பில் நின்றிருந்தார்.

"உங்கக்கா செல்லுல சொல்லிருச்சுப்பா. அது சொன்ன பெறகு வராம இருக்க முடியுமா?"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அக்கா. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது ஒரு சேதி. கடல் தாண்டி ஏதோ ஒரு மலையூரில் வாய்க்கால் முறைக்கு உன் மென்பொருளை எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு பெண் உன் மின்னஞ்சலுக்கு எழுதிக் கேட்டாள்: இந்தப் பொத்தான் எதற்கென்று புரியவில்லை, எடுத்துவிடலாமா? செல்லிலேயே மொழிபெயர்த்துப் படித்தேன். நான் பத்தாவது தாண்டாதவன். ஆனால் இதற்குப் பதில் எனக்குத்தானே தெரியும்? நடந்ததை அப்படியே எழுதினேன்.

போன வாரம் பதில் வந்தது. எடுக்கவில்லையாம். அங்கே ஒரு பெரியவர் இறந்தபோது அழுத்தினார்களாம். அவருடைய உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு அக்கம்பக்கத்தார் தண்ணீர் விட்டார்களாம். நீ பார்த்தே இராத ஊரில், உன் பேச்சைக் கேட்டு யாரோ வாய்க்காலுக்குப் போயிருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் படித்தேன். பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை, அக்கா. நம் வீட்டு மூலையில் உட்கார்ந்து எம்புட்டுப் பெரிய காரியம் செய்திருக்கிறாய்.

இன்று காலை பாண்டி அண்ணனின் அம்மா தவறிவிட்டார். நாளை அவர் முறை. கருப்பையா அண்ணன் பொத்தானை அழுத்திவிட்டார். உன் செய்தி எனக்கு வந்துவிட்டது.

அந்தப் பொத்தானை யாரும் எடுக்க விடமாட்டேன். நாளை விடிந்ததும் பாண்டி அண்ணன் வயலில் நிற்பேன். மண்வெட்டியை எடுத்து வைத்துவிட்டேன்.

நீ சொன்னதைக் கேட்கும்
உன் தம்பி செல்வம்