வெட்டி எடுத்த இருமல்

ஹெட்போனின் பஞ்சில் இன்னும் உன் தைல வாசனை இருக்கிறது. காலையில் மேசையைத் துடைக்கும்போது கைக்கு வந்தது. காதில் மாட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பாடுவதற்கு முன்னால் தொண்டையிலும் நெஞ்சிலும் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொள்வாய். பாட்டுக்காரன் பந்தா என்று நான் கிண்டல் செய்வேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

திருவொற்றியூரில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு ரெக்கார்டிங் எதற்கு என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். ஆசை உன்னுடையது. துறைமுகத்தில் கப்பல்மேல் கண்டெய்னர் கட்டுகிற வேலை போக, மீதி நேரமெல்லாம் நீ கானா பாடினாய். ராயபுரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் உனக்குத்தான் ஆள் வரும். "செத்த வூட்ல பாடுற பாட்டு பொணத்தோடவே போய்டுது மாமு. ஒரு ஆறு பாட்டாவது நிக்கணும்" என்றாய். அப்படி நீ வேறு எதையும் என்னிடம் கேட்டதில்லை.

ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் ஒன்றைப் பிடித்தேன். மைக்கை அதோடு சேர்க்க ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். என் வீட்டுப் பின்னறையில் சன்னலுக்குப் போர்வை கட்டினோம், பீரோவை நகர்த்தினோம், ஃபேனை நிறுத்தினோம். முதல் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்தாய். இரண்டு வரி பாடியதும் ஹெட்போனைக் கழற்றிவிட்டாய். "இன்னாடா இது, எனக்குப் பின்னாடியே இன்னொருத்தன் பாடிகினு வர்றான்." உன் குரல் லேப்டாப்புக்குள் போய்த் திரும்பி வரத் தாமதமாகிறது என்று கண்டுபிடித்து, அந்த செட்டிங்கை மாற்ற எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதுவரை அந்த இன்னொருத்தனுக்கு ஒரு பெயர் வைத்து வம்பிழுத்துக்கொண்டே இருந்தாய். நாம் அப்படிச் சிரித்தது அந்த இரண்டு வாரம்தான்.

முதல் பாட்டில் இரண்டு இடத்தில் இருமினாய். திரையில் குரல் அலை அலையாக ஓடும். இருமல் மட்டும் செங்குத்தாக நிற்கும். மீனில் முள் எடுப்பதுபோல அதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டினேன். கேட்டால் தெரியவே தெரியாது. நீயே அசந்துபோனாய், எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்காவது பாட்டில் வரிக்கு ஒரு இருமல் வந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்தது கோபம். கொஞ்சம் அடக்கிக்கொண்டு பாடக் கூடாதா என்று திட்டினேன். அடக்கிக்கொண்டு பாடினாய், கண்ணில் நீர் முட்டி நிற்கும். நான் ஸ்டாப்பை அழுத்தியதும் மாடிப்படிக்குப் போய் இருமிவிட்டு வருவாய். சாத்திய கதவைத் தாண்டி அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த டேக்குக்கு நேரமாகிறதே என்றுதான் நினைத்தேன்.

ஆறாவது பாட்டு முடிந்த மாதம் வேலையில் மயங்கி விழுந்தாய். நுரையீரலில் நோய் முற்றிவிட்டது, ஆறு மாதத்துக்கு முன்பே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த ஆறு மாதமும் ஞாயிறு தவறாமல் என் மைக்குக்கு முன்னால்தான் நின்றாய்.

நீ செத்த முப்பதாம் நாள் பூசைக்கு நான்கு நாள் இருக்கும்போது உன் மனைவி கூப்பிட்டனுப்பினாள். ஊர்ச் சாவுக்கெல்லாம் பாடின மனுஷனுக்கு அவர் குரலையே வீட்டில் போட வேண்டும் என்றாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். முழுப் பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஒரு தபா கூட இருமலியே அண்ணே. அப்போ நல்லாத்தான் இருந்தாரா? வூட்லயும் எம்முன்னால இருமினதே இல்ல. பக்கத்துலயே படுத்துகினு எனக்குத் தெரியாமப் போச்சேன்னு டெய்லி செத்துகினு கீறேன்."

இருமலை அடக்க நீ எங்கே பழகினாய் என்று எனக்குத் தெரியும். ஆமாம்மா, நன்றாகத்தான் இருந்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவளுக்கும் ஆறுதல், எனக்கும் தப்பித்தல். ஆனால் ஏற்கெனவே வேண்டிய மட்டும் வெட்டியாகிவிட்டது. இதையும் வெட்டக் கை வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டாத டேக் ஒன்றைப் போட்டும் காட்டினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. லேப்டாப்பை அவளே மூடினாள்.

"எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிக்கீது" என்றாள். அப்புறம், "பாட்டு வேணாம் அண்ணே. எட்த்துகினு போங்க."

பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு உன் வீட்டில் உன் கூட்டாளிகள் பாடினார்கள். நீ பாடவில்லை. நிற்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்ட ஆறு பாட்டும் உன் வாசலைத் தாண்ட முடியாமல் என்னிடமே கிடக்கின்றன.

இப்போதெல்லாம் கடையில் யார் இருமினாலும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எத்தனை நாளாக என்று கேட்கிறேன். போன வாரம் டிஸ்பிளே மாற்ற வந்த மீன்காரம்மா ஒருத்தி முறைத்தாள். "போனப் பாருய்யா, என் நெஞ்ச இன்னாத்துக்குப் பாக்குற?" நியாயமான கேள்விதான். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அவள் வாயால் சொல்லும்வரை விடாமல் நச்சரித்தேன். சனியன் விட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உன்னிடம் ஒரே ஒரு ஞாயிறு அப்படி நச்சரித்திருக்கலாம் மாமு. நான் சொன்னால் நீ போயிருப்பாய்.