பத்து நொடி இடைவெளி

என் இன்ஜினியருக்கு,

உன் மகள் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நீ செய்து அனுப்பிய பட்டையை அவள் வயிற்றில் கட்டியிருக்கிறேன். பொத்தான் அளவு பேட்டரி ஒரு மாதம் தாங்க வேண்டும் என்பதால், பத்து நொடிக்கு ஒருமுறைதான் அது நம் இருவர் போனுக்கும் மூச்சுக் கணக்கை அனுப்பும் என்றாய். அந்தப் பத்து நொடியும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

நேற்று நான்கு முறை அலாரம் அடித்தது. நான்கு முறையும் நீ வேலை பார்க்கும் ஊரிலிருந்து உன் போன்.

"என்னடி ஆச்சு? சிக்னல் போச்சு! பாப்பா மூச்சு விடுறாளா?"

"விடுறா. கத்தாதடா, எழுந்துடப் போறா."

நான்கு முறையும் அவள் என் மார்பில் குப்புறக் கிடந்தாள். அவ்வளவு சின்ன சிக்னல் என் உடம்பைத் தாண்டி வராதாம். "அப்போ தொட்டில்லயே விடு" என்றாய். இன்று பால் கொடுக்க மட்டுமே தூக்கினேன். அழுது அழுது அவளுக்குக் குரல் கம்மிவிட்டது.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று தெரியும். நம் பெரியவன் மூச்சு நின்றபோது அவனும் தொட்டிலில்தான் இருந்தான். நாம் அடுத்த அறையில் இருந்தோம். அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. நீ இந்தப் பட்டையைச் செய்ய உட்கார்ந்துவிட்டாய்.

பட்டையைக் கழற்ற மாட்டேன்; நான் தூங்கும்போது அவளைத் தொட்டிலில் விடுகிறேன். நான் விழித்திருக்கும்போது அவளைத் தூக்கிக்கொள்ளப் போகிறேன். என் கழுத்தில் படும் அவள் மூச்சுக்குப் பத்து நொடி இடைவெளி கிடையாது.

சிக்னல் போனால் கூப்பிடு. எடுக்கத் தாமதமானால் பதறாதே. என் இரண்டு கையிலும் அவள் இருப்பாள்.

இப்படிக்கு,
சிக்னலை மறைப்பவள்