ஜெரிலினின் நான்கு பற்கள்

செபு நகரம்
9 ஜூன் 1998

அன்புள்ள ரோவெனாவுக்கு,

உங்கள் மகள் ஜெரிலின் இந்தக் காப்பகத்தில் என் பொறுப்பில் இருக்கிறாள். வந்ததிலிருந்து சோற்றை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். அடம் என்று நினைத்து அதட்டிவிட்டேன். பிறகுதான் அவளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். முன்பற்கள் ஈறுவரை கரைந்து கறுத்திருக்கின்றன. கடைவாயில் சீழ். நான்கைப் பிடுங்க வேண்டும் என்கிறார் பல் டாக்டர்.

அவளை உங்களிடம் திருப்பி அனுப்புவதா என்று நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை அவள் இங்கே தற்காலிகமாகத்தான் இருக்கிறாள். அதனால் தாயின் கையெழுத்து வேண்டும். ஒப்புதல் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பக்கத்துக் கட்டில் பையன், "ஏ கிழவி, பல்லைக் காட்டு" என்று சீண்டினான். இவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டே, "நீ மட்டும் என்னவாம்? எருமை மாதிரி குறட்டை விடுற" என்றாள். சிரித்துவிட்டேன். கெட்டிக்காரி.

அன்புடன்,
ஃபெலிசா

பாந்தயான் தீவு
17 ஜூன்

மதிப்புக்குரிய மனாங் ஃபெலிசாவுக்கு,

நான் பிள்ளையைக் கவனிக்காதவள் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? ராத்திரி அவள் அழுதால், இப்போது என்னோடு வாழும் நெஸ்டருக்குப் பிடிக்காது. அவருக்கு அவள் சொந்தப் பிள்ளை இல்லை. இனிப்பு டின் பாலைக் கரைத்துப் புட்டியை வாயில் வைத்துவிடுவேன். உறிஞ்சிக்கொண்டே தூங்கிவிடுவாள். பகலெல்லாம் கருவாட்டுக் களத்தில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை முதலில் படித்தது அவர்தான். "கையெழுத்துப் போட்டா, பிள்ளையைக் கவனிக்கலைன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. கோர்ட்டுல அதைத்தான் காட்டுவாங்க" என்கிறார். எனக்கு என் பிள்ளை திரும்ப வேண்டும், மனாங். கூடப்பிறந்த அக்காவாக நினைத்துத்தான் உங்களை மனாங் என்கிறேன். பால்பற்கள்தானே, தானாக விழும். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நான் அவளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ரோவெனா

செபு
29 ஜூன்

ரோவெனா,

உங்கள் தீவுக்கு வரும் நர்ஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்களைத் தனியாகப் பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

உப்புத் தண்ணீர் கொடுத்தாயிற்று. கண்வரை வீங்கி, காய்ச்சல் கொதிக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றுகிறார்கள். வீக்கம் இறங்கினால் வியாழக்கிழமை பிடுங்குவார்கள். நீதிபதியிடம் அனுமதி கேட்டிருக்கிறோம்.

நேற்று, "வலிக்குதா கண்ணு?" என்றேன். "இல்ல" என்றாள். "பொய் சொல்லாதே" என்றேன். "வலிக்குதுன்னா யாரை அடிப்பீங்க? என்னையா, அம்மாவையா?" என்று கேட்டாள்.

எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள் நான். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. முடிந்தால் வாருங்கள்.

ஃபெலிசா

பாந்தயான்
5 ஜூலை

அன்புள்ள மனாங்,

வியாழக்கிழமை சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் படகேறினேன். ஆஸ்பத்திரியில், கையெழுத்துப் போட வந்தேன் என்றதற்கு, நீதிபதியின் அனுமதித் தாள் வந்துவிட்டது என்றார்கள். நடையிலேயே நின்றேன். உள்ளே அவள் அலறினாள்.

நீங்கள் வெளியே வந்து, "மன்னிச்சிடும்மா, ஊசியைப் பார்த்ததும் ரொம்பக் கத்திட்டா" என்றீர்கள். என்னிடம் எதற்கு மன்னிப்பு? என் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "விடுய்யா, வலிக்குது!" என்று டாக்டரையே திட்டினாள். யாரும் கை ஓங்கவில்லை. நீங்கள் திரும்பிப் போய் அவள் தலையைத் தடவியதைக் கதவிடுக்கில் பார்த்தேன்.

சொல்லாமல் போய்விட்டேன் என்று கோபித்திருப்பீர்கள். என்னைப் பார்த்தால் அழுகையை அடக்கிக்கொள்வாளோ என்று பயந்தேன், மனாங். அதனால்தான் உள்ளே வரவில்லை.

விசாரணையன்று வருவேன். அவளை இந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று நானே நீதிபதியிடம் சொல்வேன். நெஸ்டர் இங்கேதான் இருக்கிறான். நானும்தான். என்றைக்கு வெளியேறுவேன் என்று வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

பதில் எழுதாதீர்கள், அவன் கையில் சிக்கிவிடும். அம்மா எங்கே என்று அவள் கேட்டால், வந்திருந்தாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

ரோவெனா