ஊர் கைதட்டிய முதல் அடி

இன்று காலை ஒரு புதுத் துண்டைப் பிரித்தேன். கஞ்சி வாசனை எழுந்தது. உன் தந்தையாரின் ஜவுளிக் கடையும், அதன் மாடியில் நீயும், நம் இருவருக்கும் பொதுவாகக் கிடந்த, தாழ்ந்த சுரங்கள் ஒலிக்கும் ஒற்றை பாஸ் கிதாரும் நினைவுக்கு வந்தன. நீ போய் ஓராண்டு நிறையப் போகிறது. இப்போதெல்லாம் எதையும் எழுத வலு இல்லை. இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைதோறும் அருப்புக்கோட்டைக்கு வந்ததும் அந்த மாடிக்கு ஏறிவிடுவேன். சிங்கப்பூர் போய்வந்த, வீரசோழன் ஊர் நண்பர் ஒருவர் உனக்குக் கொடுத்த இரண்டு இசைத்தட்டுகளே நமக்குப் பாடநூல். ஒன்று ஜாஸ், மற்றது லத்தீன் அமெரிக்க நடனத் தாளங்கள். ஜாஸ் எனக்கு ஒருவாறு பிடிபட்டது. தாளத்தின் அடிக்கு ஒரு சுரமாக பாஸ் நடந்துகொண்டே இருக்கும். "திருச்சுழி பஸ்ஸை விட்டவன் நடக்கிற மாதிரி போகணும்லே. நிக்கவும் கூடாது, ஓடவும் கூடாது" என்பாய்.

லத்தீன் எனக்கு இறுதிவரை வசப்படவில்லை. தாளச் சுற்றின் முதல் அடியில் பாஸ் ஒலிக்காது. சொல்ல வேண்டியதைச் சற்று முன்பே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். என் விரலோ அந்த அடியில் தானாக இறங்கிவிடும். "ஒண்ணுல கை வைக்காதலே! அது என்ன ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கையைத் தட்டிவிடுவாய்.

உன் தந்தையார் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் மேடையில் நீ வாசிக்க வேண்டும். ஊர் மெச்சினால் சென்னைக்குப் போய் இசைக்குழுவில் சேரலாம், இல்லையேல் கடை. அன்று உன் பக்கத்தில் நான் போங்கோ முரசு வாசித்தேன். ஒரு பாட்டின் நடுவே நீ லத்தீன் நடையை எடுத்தாய். நீ காலியாக விட்ட முதல் அடியில் கூட்டம் கைதட்டியது. சுற்றுக்குச் சுற்று, அதே இடத்தில், அத்தனை கைகளும். நீ சிரித்தபடி வாசித்தாய். வென்றுவிட்டோம் என்றே நான் கருதினேன்.

மேடையை விட்டு இறங்கியதும் உன் தந்தையார் சொன்னார்: "ஊருக்குப் பெரிய மனசு. நீ விட்ட தாளத்தையெல்லாம் கையைத் தட்டி எடுத்துக் குடுத்தாக. நாளைக்கு வந்து கடையைத் திற."

பஜனையில் தாளம் தவறியவனுக்குக் கூட்டம் அப்படித்தான் கைகொடுக்கும். அவர் அறிந்த வழக்கம் அது. அந்த இடைவெளி பிழையன்று, அந்த இசையின் இலக்கணமே அதுதான் என்று இயன்றவரை எடுத்துரைத்தேன்.

"தம்பி, நீங்க வக்கீலுக்குப் படிக்கிறவுக. கட்சிக்காரனை விட்டுக்குடுப்பீகளா?" என்று சிரித்தே முடித்துவிட்டார்.

வீடு திரும்புகையில் நீ சொன்னாய்: "விடுலே. அம்புட்டுப் பேரும் என்கூட வாசிச்சாக. அது போதும்."

மறுநாள் கடையைத் திறந்தாய். கடைசிவரை நீதான் திறந்தாய்.

அதன்பின் எத்தனையோ வழக்குகளில் தோற்றிருக்கிறேன், காரணங்கள் மறந்துவிட்டன. அந்த ஒரு வாதத்தை மட்டும், பேருந்திலும் உறக்கம் பிடிக்காத பிற்பகல்களிலும், இன்னமும் திருத்திக்கொண்டிருக்கிறேன். கேட்பதற்கு உன் தந்தையார் இல்லை. இப்போது நீயும் இல்லை. ஆயினும் அந்த வாதத்துக்குச் சரியான தொடக்கம் கிடைத்துவிட்டது. இலக்கணம் என்று நான் பேசியிருக்கவே கூடாது. இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்: "ஐயா, இவன் தாளத்துல எடம் விட்டான். அதனாலதான் ஊர்க்காரவுக உள்ள வந்தாக."