தேதி இல்லாத பாலாறு

பள்ளிகளுக்கு இணையதளங்களைச் சிபாரிசு செய்கிறவர்கள் அவற்றைப் படித்துப் பார்ப்பதில்லை. இன்று காலை கணினி அறை ஜன்னலைத் திறந்ததும் பதனிடும் தோலின் வாடை உள்ளே வந்தது. உடனே இதை உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது, தோஸ்த். இந்த வாடை வராத அறையில் ஆம்பூரைப் பற்றிப் பாடம் நடத்தக் கூடாது என்று ஜன்னலைத் திறந்து வைத்தவன் நீதான். நீ செத்துப்போன பிறகு நான் திறக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்குத் தகவல் தேடக் கற்றுக்கொடுக்க நாம் இருவரும் தளம் தளமாக அலசினோம். பாலாற்றைப் பற்றி அழகான தமிழில், வண்ணப் படங்களோடு ஒரு தளம் கிடைத்ததும் நான் குதித்தேன். நீயோ ஒரு வரியும் படிக்காமல் பக்கத்தின் அடிக்குப் போனாய்.

"இன்னாடா பண்ற?"

"பிரியாணிக் கடையில முன்னாடி நின்னா வாசனைதான் வரும். பின்னாடி போனாதான் அண்டாவ எப்படிக் கழுவறான்னு தெரியும்."

அடியில் பொடி எழுத்தில், செலவை ஏற்றது ஒரு தோல் கம்பெனி என்று இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. மேலே கரைபுரண்டு ஓடும் பாலாற்றின் படம். கீழே, ஆலைகளால் ஆற்றுக்குக் கெடுதல் இல்லை என்ற வரி.

அதையே வகுப்பில் திரையில் போட்டாய். கடைசி பெஞ்சு சிரித்தது. "சார், நேத்து அங்கதான் கிரிக்கெட் ஆடினோம். பந்து கூட நனையல."

எல்லோரையும் பாலத்துக்கு அழைத்துப் போனாய். மணல், முள், ஓரத்தில் நுரையோடு ஒரு கறுப்பு ஓடை. திரும்பியதும் தலைமையாசிரியர் கத்தினார். "ரெஃபரன்ஸ் பார்க்கப் போனோம் சார்" என்றாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு அதைவிடப் பிடித்தது மறுவாரம் நடந்தது. பிள்ளைகளுக்காக நீயே எழுதிய வலைப்பக்கத்தைத் திறந்து, "இதையும் சோதிங்க" என்றாய். ரேஷ்மா எழுந்தாள், அவள் அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்.

"சார், உங்க பக்கத்துலயும் வெள்ளப் படம்தான் இருக்குது."

"நானே பாலத்து மேல நின்னு எடுத்ததும்மா."

"எப்பன்னு போடலியே. வெள்ளம் வந்தப்ப ஊரே நின்னு எடுத்துச்சு. எங்க அம்மா போன்லயும் இருக்குது. தேதி போடலன்னா நீங்களும் அந்தக் கம்பெனியும் ஒண்ணுதான் சார்."

நீ வாய்விட்டுச் சிரித்தாய். சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு அவள் இடத்தில் போய் உட்கார்ந்தாய். "நடத்தும்மா." அப்படியொரு கூச்சலும் கும்மாளமுமான வகுப்பை நான் பிறகு பார்க்கவில்லை.

இப்போது அதே தளம், அதே வெள்ளப் படம், புதுப் பெயரில் கல்வித்துறை மேலிடத்தின் சிபாரிசாக வந்திருக்கிறது. கம்பெனி வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள். இனி நம் பிள்ளைகள் இதை வைத்துத்தான் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டுமாம். "பார்த்தாச்சு, சரின்னு கையெழுத்துப் போடுங்க சார். பேஜார் பண்ணாதீங்க" என்கிறார் தலைமையாசிரியர்.

நான் போடவில்லை. தளத்தை வகுப்பிடம் விட்டேன். உன்னைப் பார்த்தே இராத பிள்ளைகள், "அண்டா பார்க்கப் போறோம் சார்" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பக்கத்தின் அடிக்குப் போகிறார்கள். உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான். அதுவும் இப்போது அவர்கள் கைக்குப் போய்விட்டது. தளத்தின் முகவரிக்கு அவர்களே எழுதினார்கள். பதில் இல்லை. திங்கள்தோறும் அதையே மறுபடி அனுப்புகிறார்கள்:

"இந்தப் படம் எடுத்த தேதி என்ன? எழுதியவர் யார்? பணம் கொடுத்தது யார்? சொல்லுங்கள்."